அம்மாவின் கிட்னியைக் காப்பாற்றிய கதை

யாராவது சும்மா ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால்கூட, 'இவருக்கு நம்மகிட்ட என்ன வேணும்?' என்று யோசித்துவிட்டுத்தான் குடிப்பேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. அதற்குக் காரணம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரி.

அப்போது நான் ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடையில் இருந்தேன். அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்தில், அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டார். தோட்டத்துக்கு வரும் சிஸ்டர்மாரின் கிளினிக் வேனில் காட்டியபோது பித்தப்பையில் கல் என்றார்கள். ஹட்டனில் இருக்கும் அவர்களுடைய ஆஸ்பத்திரியிலேயே ஒப்பரேஷன் செய்யலாம், காசு வேண்டாம் என்றார்கள்.

காசு வேண்டாமா? எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அரசாங்கம் சும்மா வைத்தியம் பார்த்தால் ஓட்டுக்காக என்று புரியும். இவர்கள் எதற்கு? (கண்டியில் வேறு பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்களாம்.)

முதல் சந்தேகம் மதம். அம்மாவை அங்கே சேர்த்ததிலிருந்து அவர் கட்டிலைவிட்டு அசையாமல் காவல் இருந்தேன். நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து பெரிய சிஸ்டர் குனிந்து அம்மா காதில் ஏதோ சொன்னார். ஓடி வந்தேன்.

"என்னம்மா சொன்னாங்க? மாறச் சொன்னாங்களா?"

"மூத்திரம் போனியான்னு கேட்டாங்கடா."

அம்மாவின் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. மதம் இல்லையென்றால் கிட்னிதான் என்று முடிவு செய்தேன். (கிட்னி திருடும் வீடியோக்கள் போனில் அவ்வளவு பார்த்திருந்தேன்.)

ஒப்பரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நின்றேன். ஒரு நேர்ஸ் மூடிய போத்தலோடு வெளியே வந்தார். உள்ளே ஏதோ மிதந்தது. மேலே அம்மாவின் பெயர்! மீன்காரர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் அதை வைத்து, கண்டிக்குப் புறப்பட்ட வேனில் ஏற்றினார்.

நான் வேனுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"மொகத மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார் டிரைவர். 'என்ன தம்பி' என்று அன்பாகத்தான்.

"எங்கம்மா கிட்னிய எங்க கொண்டு போறீங்க?"

வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு பேர் தங்கள் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய சிஸ்டர் வேகமாக வந்தார். கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து போத்தலை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது பித்தப்பை, தம்பி. கேன்சர் ஏதும் இருக்கான்னு கண்டியில பார்த்துச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் அவசரமா அனுப்புறோம். இப்ப வேன விடுறீங்களா?"

கேன்சர் என்ற சொல் காதில் விழுந்தது. போத்தலுக்குள் இருந்தது லேசாக ஆடியது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. விழும்போது வேன் படியில் நெற்றி இடித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

தையல் போட்டவர் பெரிய சிஸ்டர்தான். ஊசியை எடுத்ததும், "இது எதுக்கு?" என்று அப்போதும் கேட்டேனாம்!

மயக்கம் தெளிந்த அம்மா, கட்டுப்போட்ட தலையோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு நேர்ஸிடம், "ஒப்பரேஷன் எனக்கா, இவனுக்கா?" என்றார்.

கேன்சர் இல்லை என்று கண்டியிலிருந்து பதில் வந்தது. அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். அதற்குள் தோட்டம் முழுக்க நான் 'கிட்னி குமார்' ஆகியிருந்தேன்.

ஆறேழு வருஷம் கழித்து எனக்கு உடப்புசல்லாவையில் பெண் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் விசாரிக்க வந்த பெண்ணின் மாமா என் பட்டப்பெயரைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். "மாப்பிள்ளைக்குக் கிட்னியில கோளாறா? ஒண்ணுதான் இருக்கா?" எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கே வந்தார். பெரிய சிஸ்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, திரையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அவரிடம் சொன்னார்:

"ரெண்டும் இருக்குங்க. நாங்க எடுக்கல."

சந்தேகம் வந்ததும் வேனை மறிக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாரே என்று, என் மனைவி இன்றுவரை எங்கள் இருவரில் அந்த மாமாவைத்தான் நியாயமானவர் என்கிறாள்.