சனிக்கிழமைக்கு ஒரு விசில்

இனி ஒரு சனிக்கிழமைகூட வில்மா வீட்டுக்குப் போவதில்லை என்று மெர்வின் டோபிஷ் ஆகஸ்ட் வெயிலில் புல் வெட்டிக்கொண்டே சபதம் செய்தான். மனதுக்குள்தான் செய்தான். ஏனென்றால் வில்மாவின் அக்கா லொரேட்டா சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள், அவள்தான் மெர்வினின் மனைவி.

வில்மா இருப்பது பெரில் கிரீக்கில். ஒஹையோவின் சோளக்காடுகளுக்கு நடுவே காரில் ஒரு மணி நேரம் போக வேண்டும். அந்த வீட்டில் வாசலிலேயே ஷூவைக் கழற்ற வேண்டும். சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை. கோடையில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், குளிரில் கிரீச்சிடும். சாப்பாட்டுக்குப் பச்சை ஜெல்லி, அதற்குள் காரட் துருவல். அதைத் தின்றுவிட்டுப் பிரமாதம் என்று வேறு சொல்லித் தொலைக்க வேண்டும். பிறகு வில்மாவின் கணவன் ஜீன் தன் முழங்கால் ஆபரேஷனை ஆதியிலிருந்து ஆரம்பிப்பான். அந்த முழங்காலை மெர்வின் அவனைப் பெற்றவளைவிட நன்றாக அறிவான். இலை உதிரும் காலம் வந்துவிட்டால் இந்த யாத்திரை வாராவாரம்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன? நீங்கள் லொரேட்டாவைப் பார்த்ததில்லை, அதனால் கேட்கிறீர்கள். அவளிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த ஊரில் யாருமில்லை. தபால்காரர் ஒருமுறை முயன்றார். அன்றிலிருந்து தபாலைப் படியேறி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஆகவே லொரேட்டாவே தட்ட முடியாத ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்டை வீட்டு லெஸ்டர் எடுத்துக் கொடுத்தான்.

"ஃபுட்பாலுக்கு நடுவரே கிடைக்கலையாம்ப்பா. போன வருஷம் சின்னப் பசங்க ஆட்டத்தையெல்லாம் ரத்து பண்ணிட்டாங்க."

"எல்லாரும் எங்க போய்ட்டாங்க?"

"உன்ன மாதிரி ஆளுங்க பெஞ்சுல உக்காந்து குருட்டுப் பயலேன்னு கத்தினா எவன் வருவான்?"

"அது சரி. சின்னப் பசங்க ஆட்டம் என்னிக்கு?"

"சனிக்கிழமை காலைல."

மெர்வின் புல் வெட்டும் இயந்திரத்தை அணைக்கக்கூட இல்லை. அது பாட்டுக்கு லொரேட்டாவின் பூச்செடி வரைக்கும் போய் நின்றது.

"லொரேட்டா, நான் ஃபுட்பால் நடுவர் ஆகப் போறேன்."

"ஆகேன்."

மெர்வின் வாயில் தயாராக வைத்திருந்த பிரசங்கம் அப்படியே நின்றது. "ஊருக்கு நம்மால ஏதோ ஒரு..."

"அதான் ஆகுன்னு சொல்லிட்டேனே."

"சனிக்கிழமையெல்லாம் போயிடும்."

"போகட்டும்."

"வில்மா வருத்தப்படுவா."

"தாங்கிப்பா. என் பூச்செடிக்குத்தான் வழி சொல்லு."

லொரேட்டா எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கே இரண்டு முறை கேட்டுத்தான் தலையாட்டினாள். இருந்தாலும் வலிய வந்த விடுதலையை யார் சந்தேகப்படுவார்கள்?

நடுவராவதற்குப் பரீட்சை எழுத வேண்டும். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால், சின்ன வயதிலிருந்து பார்க்கிற ஆட்டம்தானே என்று விதிப்புத்தகத்தைத் திறந்தான். இத்தனை வருஷமாக பெஞ்சிலிருந்து தான் கத்தியதில் முக்கால்வாசி தப்பு என்று அது சொன்னது. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் லொரேட்டாவே உருளைக்கிழங்கு சீவியபடி புத்தகத்தை எடுத்து எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

"பந்து வெச்சிருக்கற அணி ஆள் ஒருத்தன் எதிராளி சட்டையப் பிடிச்சு இழுக்கறான். எவ்வளவு தண்டனை?"

"பதினஞ்சு கஜம்."

"பத்து."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

"அந்தத் தண்டனை வேணாம்னு யார் சொல்லலாம்?"

"நடுவர்."

"பாதிக்கப்பட்ட அணி, மெர்வின். வேணாம்னு சொல்ல நடுவர் யாரு?"

வாரங்கள் ஓடின. கிழங்கு சீவும்போது அவளுக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. மெர்வினுக்கோ புத்தகத்தைக் கட்டிக்கொண்டு படுத்தாலும் ஒன்றும் ஏறவில்லை. எப்படியோ தட்டுத் தடுமாறித் தேறிவிட்டான்.

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை வந்தது. கண்ணாடி முன் நின்று கழுத்தில் விசிலை மாட்டினான். உண்மையைச் சொல்வதென்றால், சனிக்கிழமையைவிட அந்த விசில்தான் அவனுக்குப் பெரிதாகிவிட்டது. அதை ஊதினால் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் அப்படியே நிற்பார்கள். வீட்டில் அவன் பேசினால் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு இடத்திலாவது நம் பேச்சு எடுபட வேண்டுமே என்ற ஏக்கம் எந்தப் புருஷனுக்குத்தான் இல்லை?

ஏக்கம் முற்றி வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டான். ஒருநாள் காபி வரத் தாமதமானது. இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை உருவிச் சமையலறைத் தரையில் வீசினான். மைதானத்தில் தப்பு நடந்தால் நடுவர் வீசுவது அந்தத் துணியைத்தான்.

"என்ன இது?" என்றாள் லொரேட்டா.

"தாமதம். அஞ்சு கஜம் பின்னால போ."

அவள் துணியை எடுத்து, சிந்தியிருந்த பாலைத் துடைத்து, வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். காபி அதற்கப்புறமும் வரவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று பிரித்துக் கொடுப்பவர் ஸ்ட்ரவுட் என்ற கிழவர். அவர் போனில் கூப்பிட வேண்டும். மெர்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், வந்தான். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் லொரேட்டாதான் முந்திக்கொண்டாள். நடையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பேசினாள். சில சமயம் சிரிப்பும் கேட்டது.

"யாரு?"

"உனக்கில்ல."

வேறு யார், வில்மாவாகத்தான் இருக்கும். போனிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், நமக்குப் பெட்ரோல் மிச்சம் என்று விட்டுவிட்டான்.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. மற்ற புது நடுவர்களுக்கெல்லாம் ஆட்டம் கிடைத்துவிட்டதாக லெஸ்டர் சேதி சொன்னான். இவனுக்கு மட்டும் அழைப்பில்லை. நாளை மறுநாள் ஆட்டம் இல்லையென்றால் சோபா, ஜெல்லி, முழங்கால். பட்டைச் சட்டையைப் போட்டபடியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

லொரேட்டா கிழங்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "மெர்வின், இந்த சனிக்கிழமை..."

மெர்வின் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டான். தம் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். நாய் மேஜைக்கடியிலிருந்து பாய்ந்து நிலவறைக்குள் ஓடிப்போயிற்று.

கண்ணைத் திறந்தபோது லொரேட்டா அதே இடத்தில் இருந்தாள்.

"ஊதினியே, ஆட்டம் முடிஞ்சிருந்ததா?"

"எந்த ஆட்டம்?"

"நான் பேசிட்டிருந்தேன். பேச்சு முடியல. ஓடிட்டிருக்கற ஆட்டத்துல ஊதினா அதுக்கு என்ன பேரு?"

மெர்வின் தலை குனிந்தது. நடுவராய்ப் பிறந்தவன் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். "தவறுதலான விசில்."

"அப்ப பந்து யார் கையில இருந்துது?"

"உன் கையில."

"அப்ப முடிவு யாரோடது?"

பேசாமல் மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு விதியை மாற்றிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "பந்து வெச்சிருந்த அணியோடது. ஊதின இடத்தோட விட்டுடலாம், இல்லாட்டி மறுபடி ஆடலாம்."

"மறுபடி ஆடறேன்," என்றாள் லொரேட்டா. "மெர்வின், இந்த சனிக்கிழமை காலைல உனக்கு ஆட்டம் கிடைச்சிருக்கு."

மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளை நோக்கியா ஊதினோம் என்று வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எந்த மைதானம்?"

"பெரில் கிரீக்."

கையை விட்டான்.

"வில்மா வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அதுதான். முடிஞ்சதும் நேரா வந்து வாசல்ல ஷூவக் கழட்டிடு. மத்தியானச் சாப்பாடு அங்க. ஜீனுக்கு இன்னொரு முழங்காலும் பண்ணியாச்சு, உங்கிட்டச் சொல்லணும்னு காத்துட்டிருக்கான்."

"அடுத்த வாரம்?"

"பெரில் கிரீக்."

"அதுக்கடுத்த வாரம்?"

"நவம்பர் வரைக்கும் அங்கதான்."

"அந்த ஸ்ட்ரவுட்டுக்கு எம்மேல என்ன கோவம்? இப்பவே கேக்கறேன்." மெர்வின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அவர்கிட்டக் கேட்டுப் பிரயோஜனமில்ல. தினம் போன்ல ஆள் பிடிச்சு அலுத்துப் போச்சாம். விதி தெரிஞ்சவங்க யாராவது எடுத்துக்கிட்டாத் தேவலன்னார். போன வாரமே வேலைய ஒப்படைச்சுட்டார்."

"யார்கிட்ட?"

லொரேட்டா ஒரு கரண்டி கிழங்கை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"மைதானம் மாத்தணும்னா போன் பண்ணிக் கேளு. ஏழு மணிக்கு மேல எடுப்பேன்."