பாலத்தில் இரண்டு காவலர்

நாட்குறிப்பில் எழுதியதை எழுதியபடியேதான் படிப்பேன். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ எனக்கு வராது. இதை நற்குணம் என்று முப்பத்தைந்து வயதுவரை நம்பியிருந்தேன்.

இரண்டாயிரத்தில் ஃபிஜியில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தபின், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள். என்னோடு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த முனிசாமிக்கும் ஆக்லாந்து விசா வந்துவிட்டது. (அவருடைய பாட்டனார் மதராசிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர், நான் திருச்சியிலிருந்து வேதியியல் கற்பிக்க வந்தவன்.) அவர் போவது வருத்தம்தான். அவருடைய கணினியும் போகிறது என்பது அதைவிட வருத்தம்.

அதில் ஒரு மாயாஜால விளையாட்டு இருந்தது. அதற்குள் எங்கோ ஒரு ரகசியக் குகை; அதன் சுவர் ஓவியங்களைப் பற்றி விளையாட்டில் வரும் கிழவர்களெல்லாம் கண்கலங்கப் பேசுவார்கள். ஏழு மாதம் சனிக்கிழமைதோறும் தேடியும் இரண்டு வாத்தியார்களுக்கும் குகை அகப்படவில்லை. ஒவ்வோர் அடியையும் வரைபடத்தோடு நாட்குறிப்பில் எழுதிவந்தேன்.

முனிசாமியின் சாமான்களை ஏற்ற நான்கு மணிக்கு லாரி வரவேண்டிய நாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்று இடங்களில் மூன்று சிங்கச் சிலைகள். அவை பார்க்கும் திசையில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தேன். மூன்றும் அருவிக்குப் பின்னால் சந்தித்தன. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, நவ்சோரியிலிருந்து முனிசாமி வீடு இருந்த நகாசிக்குப் பஸ் ஏறினேன்.

ரேவா ஆற்றுப் பாலத்தில் சோதனை. இரண்டு ராணுவ வீரர்கள்: ஒருவர் வாட்டசாட்டமானவர், இன்னொருவர் கொட்டாவி விட்டபடி நின்றார். வாட்டசாட்டமானவர் என் நாட்குறிப்பைப் பிரித்தார். ஓர் ஆறு, ஒரு பாலம், பாலத்தின்மேல் சிவப்பு மையில் இரண்டு பெருக்கல் குறி. கீழே என்ன எழுதியிருக்கிறது, ஆங்கிலத்தில் சொல் என்றார்.

அறிவுள்ளவன் மளிகைக் கணக்கு என்றிருப்பான். நான் படித்தேன்:

"பாலத்தில் இரண்டு காவலர். ஒருவன் தடியன், ஒருவன் தூங்குமூஞ்சி. தூங்குமூஞ்சி பக்கமாகப் போவது நல்லது."

மற்றவர் கொட்டாவியைப் பாதியில் மூடினார்.

"அடுத்த வரி," என்றார் வாட்டசாட்டமானவர்.

"கோட்டையைப் பிடிக்க வெடிமருந்து போதாது. முனிசாமியிடம் கேட்கவேண்டும்."

இது விளையாட்டு என்று விளக்கினேன். ஓர் ஆசிரியர் தரும் விளக்கமாக அது அவருக்குப் படவில்லை. அந்த முனிசாமியைப் பார்ப்போம் என்று, நாட்குறிப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஜீப்பில் ஏற்றினார். மணி மூன்று ஐந்து.

வாசலில் ஜீப் நின்றதும், பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த முனிசாமி இரண்டு கையையும் தூக்கினார்.

"அரே மாஸ்டர், டாட்டா சொல்ல வந்தியா, புட்ச்சிக் குடுக்க வந்தியா?"

"குகை எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

தூக்கிய கை தானாக இறங்கியது. "மெய்யாலுமா?" என்றவர், ஒட்டி முடித்த கணினிப் பெட்டியைக் கத்தியால் கிழித்தார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

திரை ஒளிர்ந்தபோது மூன்று நாற்பது. அவசரத்தில் திரையில் எங்கள் வீரன் இருமுறை ஆற்றில் விழுந்தான். ராணுவ வீரர் என் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல ஆரம்பித்தார்: இடது, இன்னும் இடது, குதி.

அருவி விலகியது.

சுவர் முழுக்க யானைகள், மீன்கள், நட்சத்திரங்கள். நடுவே ஒரு பாய்மரக் கப்பல். மூட்டை முடிச்சோடு அதில் ஏறும் ஜனங்கள். அப்படியொரு நீலத்தை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை. வெளியே லாரி ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. ராணுவ வீரர் வெளியே ஓடி, கையைக் காட்டி லாரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நாட்குறிப்பைத் திருப்பித் தரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தத் தடியன் யார்? தெரியாது என்றேன். (வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய்.)

இப்போதெல்லாம் நான் வெளியே கிளம்பினால், நாட்குறிப்பு வீட்டில்தான் இருக்கிறதா என்று என் மனைவி பையைத் துழாவிப் பார்த்த பிறகே அனுப்புகிறாள். ஆக்லாந்திலிருந்து முனிசாமி அழைத்தால் நலம் விசாரிப்பதில்லை.

"பாலத்துல எத்தினி பேரு, மாஸ்டர்?"

"ரெண்டு."

"அதுல தடியன் யாரு?"

இருபது வருடங்களுக்கு மேலாகியும், அது மட்டும் எனக்குத் தெரியாது.