சாயத்தெருவின் நாற்பத்தொரு குடங்கள்

செம்மேட்டு நாட்டில் ராஜாவும் இருந்தார், தேர்தலும் இருந்தது. இரண்டும் ஒரே நாட்டில் எப்படி இருக்க முடியும் என்று கேட்பவர்கள் அந்த நாட்டுக்குப் போனதில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் வரிசையில் நின்று வாக்களிப்பார்கள். ஏழாம் முகில்வர்மர் வெற்றி பெறுவார். மக்களின் தீர்ப்பை மிகுந்த தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொள்வார். அங்கே ஒரு சினிமாப் படத்தால் நடந்ததைப் பார்த்தபடியே சொல்கிறேன். எனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

அந்நாட்டு மக்களில் பாதிப்பேர் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள், மறுபாதி மணியடித்துக் கும்பிடுகிறவர்கள். கடவுள் விளக்கைப் பார்க்கிறாரா, மணியைக் கேட்கிறாரா என்று முன்பெல்லாம் யாரும் கவலைப்பட்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் அந்தக் கவலை வந்தது. மூன்று நாள் ஊர் எரிந்தது. அரசு ஆவணங்களில் அதற்கு ‘மூன்று நாள் சலசலப்பு’ என்று பெயர். சலசலப்பில் செத்தவர்களுக்கு அரசு இரண்டு பட்டியல்கள் தயாரித்தது. தேர்தல் வந்தால் விளக்குக்காரர் தெருவில் ஒன்றை வாசிப்பார்கள், மணிக்காரர் தெருவில் மற்றதை வாசிப்பார்கள். வாசிக்கிறவர் ஒருவரேதான், இடையில் தோள்துண்டை மட்டும் மாற்றிக்கொள்வார். ஊருக்குக் குறுக்கே ஒரு முள்வேலியும் போட்டு, அதற்கு நல்லிணக்க வேலி என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஊரில் வாயால் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. உதவியவர் வீட்டு வாசலில் ஒரு குடம் தண்ணீரை வைத்துவிட்டு வருவார்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றி, குடத்தைக் கவிழ்த்து வைப்பார். வேலி போட்ட பிறகு அதைத் தாண்டி ஒரு குடம்கூடப் போனதில்லை.

இந்த நிலையில்தான் ‘பாலத்தடியில் ஒரு பகல்’ என்ற படம் வந்தது. மணிக்காரப் பையனுக்கும் விளக்குக்காரப் பெண்ணுக்கும் காதல். இடைவேளை வரை ஆறு பாட்டு. இடைவேளைக்குப் பின் கலவரம். வேலிக்கு நட்டநடுவில் மாட்டிக்கொண்ட பவழமாலை டாக்கீஸில் படம் போட்டார்கள். ஊரில் இரு தரப்பும் கலந்து உட்காரும் இடம் அது ஒன்றுதான். இடிக்க மனம் வராமல் விட்டுவைத்திருந்தார்கள், ராஜாவின் புகழ் பாடும் படமும் அங்கேதான் ஓட வேண்டும் என்பதால்.

முதல் நாள் முதல் காட்சியிலேயே அது நடந்தது. திரையில் பையன் அந்தப் பெண்ணைக் காலிச் சாயத் தொட்டிக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, மேலே ஏறி உட்காருகிறான். கத்தியோடு வந்த கும்பலிடம் நெஞ்சை நிமிர்த்தி வீர வசனம் பேசுகிறான். அப்போது பெண்கள் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“அப்படியெல்லாம் இல்லீங்க! அவரு ஒரு வார்த்தை பேசல. மூடி மேல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு நாளு! உள்ள நானும் அஞ்சு மாசக் கைக்குழந்தையும்!”

அவள் பெயர் குயிலாயி. விளக்குக்காரி, வேலிக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றுகிறவள். அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையில் ஒரு மணிக்காரர் எழுந்தார். “எங்க அம்மாவ வெளக்குக்காரங்க வைக்கோப்போருக்குள்ள வச்சுத்தான் காப்பாத்துனாங்க,” என்றார். இன்னொருத்தி, “எங்க மாமனார ஒரு மணிக்காரரு தன் அப்பான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு,” என்றாள். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்று அன்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் ஊரில் ஏழு வீட்டு வாசல்களில் குடம் இருந்தது. ஏழும் வேலி தாண்டி வந்தவை.

அவையில் நடந்த பேச்சு அரசிதழிலேயே வெளியானது. எதையும் மறைப்பது அந்நாட்டு வழக்கமில்லை, வெட்கப்படுவதும் வழக்கமில்லை.

“கலவரக் காட்சியைக் கண்ட குடிமக்கள் கொதித்தார்களா?” என்று ராஜா கேட்டார்.

உணர்ச்சித்துறை அமைச்சர் பேராற்றலார் எழுந்தார். “இல்லை, மகாராஜா. நன்றி கூறினார்கள்.”

“நல்லது. யாருக்கு? எமக்கா?”

“அங்கேதான், மகாராஜா, சிறு நிர்வாகச் சிக்கல் உள்ளது.”

அன்றே ‘இரசிகர் எதிர்வினை ஒழுங்குமுறைச் சட்டம்’ வந்தது. விளக்குக்காரர் இடப்பக்கமும் மணிக்காரர் வலப்பக்கமும் உட்கார வேண்டும். அவரவர் தரப்பினர் சாகும்போது அழலாம், மறு தரப்பினர் சாகும்போது இருமலாம். நுழைவாயிலில் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்தார்கள். படம் முடிந்ததும் அதைக் கண்ணீர் ஆய்வாளர் நல்லடியானிடம் ஒப்படைக்க வேண்டும். தவறான காட்சியில் நனைந்த கைக்குட்டைக்கு ஒரு மாத ரேஷன் அரிசி நிறுத்தம். ஜலதோஷம் பிடித்த பதினோரு பேருக்கு அந்த மாதம் கஞ்சிக்கு வழியில்லாமல் போயிற்று.

அப்படியும் தொட்டிக் காட்சியில் இரு பக்கமும் அழுதது. அமைச்சர் அந்தக் காட்சியையே வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தை ஒட்டக்கூடாது, அங்கே அரசின் கத்தி பட்டது தெரிய வேண்டும் என்பதும் அவர் உத்தரவு. ஆகவே நாலு நிமிடம் திரை வெறும் வெள்ளையாக நின்றது. மறுநாள் நல்லடியான் முகம் வெளிறி வந்து நின்றார்.

“அமைச்சர் பெருமானே, வெள்ளைத் திரையைப் பார்த்து அழுகிறார்கள்.”

“வெள்ளைத் திரையில் என்னய்யா இருக்கிறது?”

“எனக்குத் தெரியவில்லை, பெருமானே. நானும் அழுதுவிட்டேன்.”

அதன் பிறகு அமைச்சர் படத்தை விட்டுவிட்டுக் குடங்களைப் பிடித்தார். வாசலில் குடம் வாங்கிய ஏழு பேரும் கைதானார்கள். குற்றம்: நடந்துகொண்டிருந்த கலவரத்துக்கு இடையூறு விளைவித்தல். அவரவர் தெருவிலும் அவர்களை யாரும் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது எதிராளியை ஒளித்துவைத்தவன் என்று ஒருவர் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது.

குயிலாயி மட்டும் இன்னும் குடம் வைக்கவில்லை. தன்னை ஒளித்து வைத்துக் காத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் மணிக்காரர்கள் வாழும் சாயத்தெருவில் இருபத்துமூன்றாம் வீட்டுத் தும்பையன். அறுபது வயது தாண்டிய ஆள், சாயப்புகை குடித்து நெஞ்சு கெட்டவர். சிறைக்குப் போனால் திரும்பி வர மாட்டார். பன்னிரண்டு வருஷம் வேலி தடுத்தது, இப்போது குடம் வைத்தாலே அவருக்கு எமன். வைக்காமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவள்தான் கொட்டகையில் எழுந்து கத்தியிருந்தாளே. நல்லடியான் அவளை வரவழைத்தார்.

“உன்னை ஒளித்து வைத்தவர் யார்?”

“மூஞ்சியப் பாக்கலீங்க சாமி. உள்ளயிருந்து மூடியத்தான் பாத்தேன்.”

நல்லடியான் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் யோசித்துப் பதில் எழுதியது: மூடியை அடையாளம் காட்டட்டும். ஒரே நாளில் சாயத்தெருவின் நாற்பத்தொரு வீட்டுத் தொட்டி மூடிகளும் பறிமுதலாகி விசாரணை மண்டபத்துக்குப் போயின. மூடியில்லாமல் சாயம் சூடு பிடிக்காது, நூலில் ஏறாது. தெருவில் அடுப்பு நின்றது. மூடிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, பக்கத்தில் ஒரு காவலரை நிறுத்தி, குயிலாயியை நடக்கவிட்டார்கள். மூடிகளின் சொந்தக்காரர்கள் எதிரே நின்றோம்.

ஆம், நின்றோம். நானும் சாயக்காரன்தான். இருபத்துநாலாம் வீடு, தும்பையனுக்கு அடுத்தது. பங்கில்லை என்று தொடக்கத்தில் சொன்னது பாதிதான் உண்மை.

அவள் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்தாள். தும்பையனின் மூடியில் உள்பக்கம் ஒரு நீளமான வெடிப்பு உண்டு. அந்த வழியாகத்தான் இரண்டு நாள் அவளும் குழந்தையும் மூச்சு விட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் அவள் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். பிறகு அடுத்ததற்குப் போய்விட்டாள். கடைசி மூடி வரை போய்த் திரும்பினாள்.

“எல்லாமே அதுதாங்க,” என்றாள்.

“அதெப்படி? ஒன்றுதானே இருக்க முடியும்?”

“இதுவுந்தான். அதுவுந்தான். நல்லாப் பாத்துட்டேன் சாமி, நாப்பத்தொண்ணும் அதுதான்.”

நல்லடியான் என் பக்கம் திரும்பி, “உமக்கு ஏதும் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றைத்தான் இன்னொரு முறை சொல்லக் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், குயிலாயி வேலியின் வாசலைத் தாண்டி வந்தாள். பின்னால் ஒரு தள்ளுவண்டி, அதில் அடுக்கிய குடங்கள். வண்டியைத் தள்ளி வந்தது நீலப் பாவாடை கட்டிய பன்னிரண்டு வயதுப் பெண், அவள் மகள். முதல் வீட்டில் ஒரு குடம். இரண்டாம் வீட்டில் ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து வைத்தாள், ஒரு வாசலிலும் கூடவோ குறையவோ நிற்கவில்லை. வண்டி காலியானால் திரும்பிப் போய் நிறைத்துக்கொண்டு வந்தாள். காவலர்கள் எழுதிக்கொண்டே பின்னால் நடந்தார்கள்.

தும்பையன் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். குடத்தை வைக்க அவள் குனிந்தபோது, காவலருக்குக் கேட்காமல் வாய்க்குள் கேட்டார்.

“அதுதானா?”

“ஆமாங்கய்யா. ஆறாவது படிக்குது.”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, குடத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். சட்டையெல்லாம் தண்ணீர் சிந்தியது. மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தார். பன்னிரண்டு வருஷக் காரியம் அவ்வளவில் முடிந்தது.

அதைப் பார்த்த ஊர் சும்மா இருக்கவில்லை. மாலைக்குள் விளக்குத் தெருக்களுக்கு மணிக்காரர் குடங்களும், மணித் தெருக்களுக்கு விளக்குக்காரர் குடங்களும் போய்ச் சேர்ந்தன. யார் யாருக்கு வைத்தார்கள் என்று கேட்க முடியாது. எல்லாரும் எல்லாருக்கும் வைத்தார்கள். குயவர்களிடம் குடம் தீர்ந்து, அண்டாவிலும் தூக்குச்சட்டியிலும் தண்ணீர் போயிற்று. நல்லடியான் தன் வீட்டு வாசலில் ஒரு சொம்பைக் கண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குடித்தாராம்.

அவரது இறுதி அறிக்கையும் அரசிதழில் வந்தது. ஊரில் குடம் இல்லாத வாசல் இல்லை. ஆகவே சட்டப்படி எல்லாக் குடிமக்களும் கலவரத்துக்கு இடையூறு செய்தவர்கள். அனைவரையும் அடைக்கச் சிறையில் இடமில்லாததால் முன்பு பிடித்த ஏழு பேரையும் விடலாம், மூடிகளையும் திருப்பித் தரலாம்.

ராஜா அறிக்கையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

“எல்லாரும் இடையூறுதான் செய்தார்கள் என்றால், கலவரத்தைச் செய்தது யார்?”

அமைச்சர்கள் அனைவரும் தரையைப் பார்த்தார்கள். ராஜா சன்னல் வழியாக வெளியே பார்த்தார். அரண்மனை வாசல் துடைத்து விட்டதுபோல் இருந்தது.

“நம் வாசலில் ஏன் ஒன்றும் இல்லை?”

“தங்களுக்கான நன்றி குடத்தில் அடங்காது, மகாராஜா,” என்றார் பேராற்றலார். அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று குயிலாயி தும்பையன் வாசலிலிருந்து நேரே என் வாசலுக்குத்தான் வந்தாள். குடத்தை வைத்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“எனக்கு எதுக்கும்மா? நான் ஒண்ணும் செய்யலியே.”

“தெரியுங்க. அன்னிக்கு உங்க கதவத்தான் மொதல்ல தட்டினேன். உள்ள தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டுச்சு.”

அந்தக் குரலைத்தான் கொட்டகையில் அடையாளம் கண்டிருந்தேன். பன்னிரண்டு வருஷமாக அது என் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

“பின்ன ஏம்மா எனக்கும் வைக்கிற?”

“ஒரு வாசல விட்டா அவரக் கண்டுபுடிச்சிருவாங்கல்ல.” அவள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதோட, நான் தொட்டியில எறங்கறத நீங்க சன்னல் வழியாப் பாத்தீங்க. அவனுங்க வந்து கேட்டப்பவும் சொல்லல. முந்தாநேத்து மண்டபத்துல கேட்டப்பவும் சொல்லல. குடிங்கண்ணே, வெயிலா இருக்கு.”

குடித்தேன். அழுதேன், எந்தக் கைக்குட்டையும் இல்லாமல். எனக்கு உரிமையில்லாத தண்ணீர் என்று தெரிந்தே குடித்தேன். அவள் எனக்குத் தந்ததற்கு நான் எத்தனை குடம் வைத்தாலும் போதாது.

இப்போது மறுபடி தேர்தல் அறிவித்திருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களும் அச்சாகிவிட்டனவாம், வாசிக்கிறவர் துண்டுகளை வெளுக்கப் போட்டிருக்கிறாராம். நான் நேற்றுத் தச்சனைக் கூப்பிட்டு, என் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.