மேனேஜர் வீட்டு மேஜர்

மேஜரின் தாடி முழுக்க நாயுருவி முள். அருணா ஒன்றைப் பிடுங்கினால், அவன் தலையை உதறி இன்னும் இரண்டை மார்பில் ஒட்டிக்கொண்டான்.

மேஜர் அவள் நாய் இல்லை. ஓசூரில் அவள் வேலை செய்யும் கம்பெனியின் மேனேஜர் ஹரீஷ்குமாருடையது. "ஜெர்மனிக்குப் போறேன். இவனை யார் பாத்துக்குவீங்க?" என்று அவர் கேட்டபோது கேன்டீனில் எல்லோரும் சாம்பாரை உற்றுப் பார்த்தார்கள். லைன் லீடர் பதவி காலியாக இருந்த நேரம். அருணா கையைத் தூக்கிவிட்டாள்.

நாயோடு ஒரு பிரசங்கமும் கிடைத்தது.

"ஏர்டேல் டெரியர்மா. டெரியர்லயே பெரிசு. இங்கிலாந்துல ஒரு ஆத்தோரம் மில் தொழிலாளிங்க நீர்நாய் வேட்டைக்குன்னு வளத்த ஜாதி. யுத்தத்துல குண்டு மழைக்கு நடுவுல சேதி கொண்டு போயிருக்கு. காலையில சாயங்காலம் நல்லா ஓடவிடணும். முடியில மட்டும் மிஷின் வெக்காத. முத்தின முடியைக் கையால உருவி எடுக்கணும். வெட்டுனா கம்பி முடி பஞ்சாயிடும், நிறமும் போயிடும்."

அருணா தலையாட்டினாள். மனதில் தங்கியது நீர்நாய் மட்டும்தான்.

இப்போது முள்ளோடு அவள் மல்லுக்கட்டுவதை அவள் கணவன் மாதேஸ்வரன் முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து பார்த்தான். கத்திரிக்கோலோடு வந்தான்.

"முள்ளை ஏன் எடுக்கற? முடியோட எடு."

எடுத்தான். தாடி ஒரு பக்கம் காணாமல் போனது. சமன் செய்யப் போய் மறுபக்கமும் போனது. போர் வீரன் மாதிரி இருந்தவன் போலீஸில் மாட்டிய திருடன் மாதிரி ஆனான்.

"ஐயோ, சார் கேட்டா என்னாங்க சொல்றது?"

"முஹ்சின் சலூனுக்குக் கூட்டிக்கினு போ. அவன் சரி பண்ணிடுவான்."

முஹ்சின் மேஜரை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, நம்ம கடையில கடிக்கற கஸ்டமர் இதுவரைக்கும் வந்ததில்ல."

மேஜர் கடிக்கவில்லை. மிஷின் ஓடியதும் சுகமாகக் கண்ணை மூடித் தூங்கிவிட்டான். அருணா டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முஹ்சின் உற்சாகத்தில் வால் வரை போய்விட்டான். முதுகில் இருந்த கருப்புப் போர்வை போய், சாம்பல் பஞ்சு மிஞ்சியது. அருணாவுக்கு அப்போதுதான் பிரசங்கத்தின் மீதிப் பாதி ஞாபகம் வந்தது.

"அழாதீங்கக்கா. எங்க வீட்டுக்காரி கௌசர் மருதாணி அரைச்சுக் குடுப்பா. ஊறினா சும்மா கருகருன்னு ஆயிடும்."

ஊறியது. கழுவினால், மேஜரின் முதுகு கல்யாணப் பெண்ணின் உள்ளங்கை மாதிரி சிவந்திருந்தது.

"ஆத்துத் தண்ணியில நல்லா ஊறவெச்சாப் போயிடும்" என்றான் மாதேஸ்வரன். மறுநாள் காலை இருவரும் அவனைக் கெலவரப்பள்ளி அணைக்கு ஓட்டிப் போனார்கள். தண்ணீரைக் கண்டதும் அவனுடைய பாட்டன் பூட்டன் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். ஒரு நீர்க்காகத்தைத் துரத்தி நீந்தி, அணையில் மிதக்கும் ஆலைக்கழிவு நுரையை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு தூரத்தில் கரையேறினான். நேராகக் கெம்பம்மாவின் ஆட்டு மந்தைக்குள்.

"இதேனு! ஆடா, நாயா?" என்று கெம்பம்மா கன்னடத்தில் கத்திக்கொண்டே கோலை ஓங்கினாள்.

அந்தச் சந்தேகம் ஆடுகளுக்கு இல்லை. சிதறி ஓடிய மந்தை, அருகில் வேலியில்லாத ஒரே தோட்டத்தில் புகுந்தது. அது மாதேஸ்வரனுடையது.

சாயங்காலம் மிதிபட்ட முட்டைக்கோஸ்களுக்கு நடுவே மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தான். மேஜர் வந்து அவன் பாதத்தின் மேல் மோவாயை வைத்தான்.

"திட்டுங்களேன்" என்றாள் அருணா.

"யாரை? இவன் வந்த பொறவுதான் நாம ரெண்டு பேரும் ஒண்ணா நடக்கறோம். ஷிப்டு, தோட்டம்னு மூஞ்சியே பாக்காம கெடந்தோம்." அவன் நாயின் காதைத் தடவினான். "சார் வந்து கூட்டிக்கினு போயிட்டா, வீடு வெறிச்சுன்னு ஆயிடும்."

சார் மறுநாளே வந்தார். காரிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்தார். ஆரஞ்சு நிற ஆடு ஒன்று பாய்ந்து வந்து அவர் முகத்தை நக்கியது. வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அருணா அழுதேவிட்டாள். "எல்லாம் என் தப்புதான் சார். லைன் லீடர் வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க. முடி வளர்ற வரைக்கும் மட்டும் இவன் இங்கயே இருக்கட்டும்."

ஹரீஷ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கோலத்துல என்னால இவனைப் பாக்க முடியல அருணா. நீயே வெச்சுக்கோ. லைன் லீடர் ஆர்டரைத் திங்கக்கிழமை வாங்கிக்கோ."

ஜன்னல் கண்ணாடி ஏறியது. இது தண்டனையா, பரிசா என்று அருணாவுக்குப் புரியவில்லை. அதற்குள் டிரைவர் ராமப்பன் டிக்கியைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினார். மேஜரின் மெத்தை, சாப்பாட்டுக் கிண்ணம், சீப்பு, பிஸ்கட் மூட்டை.

"அண்ணா," அவள் மெதுவாகக் கேட்டாள், "சார் மனசு ரொம்ப நொந்துட்டாரா?"

ராமப்பன் காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வேற மேடம்! அவரு எங்க ஜெர்மனிக்குப் போனாரு? நாய்கிட்டேர்ந்து தப்பிச்சாப் போதும்னு, கிருஷ்ணகிரியில மச்சான் வீட்டுல இத்தனை நாளா நிம்மதியாத் தூங்கிக்கினு இருந்தாரு!"