வாளி அண்ணனும் கரையேறாத பிள்ளைகளும்

எங்கள் பக்கத்தில் எல்லாரும் நெருப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள். தண்ணீரை நம்பிப் பிழைத்த ஒரே ஆள் வாளி அண்ணன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அறைக்கு அறை வாசலில் தண்ணீர் வாளி தொங்கும், தீப்பிடித்தால் ஊற்ற. அதை நிரப்பி வைப்பது அவர் வேலை. நான் பாக்கிங். வாளியில் ஒரு விரல் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. என் தங்கச்சி கல்யாணத்தில் ஐயர் ஓமம் வளர்த்தார். அண்ணன் பக்கத்திலேயே வாளியோடு நின்றார். நெய் ஊற்ற ஊற்ற ஓர் அடி முன்னால் வந்தார். ஐயர் கடைசிவரை வாளியைப் பார்த்துத்தான் மந்திரம் சொன்னார்.

ஐம்பது வயதிலும் டவுசர்தான். வேட்டி சுலபமாகத் தீப்பிடிக்குமாம்.

ஒரு நாள் விருதுநகர் போனவர் கலர் மீன் கடையிலிருந்து ஒரு பையோடு வந்தார். உள்ளே தண்ணீர். அதில் பல்லி போல நாலைந்து. கழுத்தின் இரு பக்கமும் பூங்கொத்து மாதிரி செவுள்.

"என்னய்யா இது?" என்றார் போர்மேன்.

"நியூட்டாம் சார். சீமைத் தண்ணிப் பல்லி. வாங்க ஆளில்லன்னு கடைக்காரரு கொட்டப் போனாரு."

"குஞ்சா?"

"அம்புட்டும் பெருசு சார். முட்டையே போடுமாம். செவுளு மட்டும் குஞ்சுல இருந்த மாதிரியே இருக்கும்."

"ஒங்க டவுசரு மாதிரியாண்ணே?" என்றாள் என்கூடப் பாக்கிங் பார்த்த செல்வி.

கம்பெனிக்குப் பின்னால் தரைக்குள் இறக்கிக் கட்டிய பழைய தொட்டி ஒன்று கிடந்தது. அதில் விட்டார். வெயில் ஆகாதென்று மேலே ஓலை வேய்ந்தார். எங்கள் வீட்டுக்கு அப்படிக் கூரை கிடையாது.

முட்டை வைத்தன. குஞ்சு பெருகியது. சில செவுளை உதிர்த்துவிட்டுக் கரையேறி, ஈரச் சாக்குக்கு அடியில் குடியிருந்தன. அங்கே கரையான் தின்றன. மற்றவை தண்ணீரிலேயே இருந்து கொசுப்புழு தின்றன.

"ஒரே குடும்பம், ரெண்டு அடுப்பு. சண்டையே கெடையாது பாத்தியா," என்பார். செல்வி மாமியாரை விட்டுத் தனி அடுப்பு வைத்தது அந்த மாதம்தான்.

மழைக்காலத்தில் சுகாதாரத்துறை ஆள் ஒருவர் கொசுப்புழு தின்கிற மீனோடு வந்தார். அண்ணன் டவுசரோடு தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டார்.

"ஏறுங்க அண்ணாச்சி. மீன் விடணும்."

"மீனு விட்டா முட்டையத் தின்னுரும். மிச்சமும் மெரண்டு செவுள உதுத்துட்டுக் கரையேறிரும். புழு இருந்தா விடுங்க."

அவர் நீளக் கரண்டியால் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஒரு புழு இல்லை. போகிற போக்கில் வாசல் வாளியில் அள்ளினார். கரண்டி நிறைய நெளிந்தது. அண்ணன் முகம் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை. மறுநாளே, தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனி அவருக்குக் கொடுத்த வேட்டிகளெல்லாம் கிழிபட்டு வாளிகளுக்கு மூடியாகிவிட்டன.

சித்திரையில் போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றை இறைத்தது. லாரித் தண்ணீரும் வரவில்லை. தொட்டி முழங்காலுக்கு வந்தது. பிறகு கணுக்காலுக்கு. செவுள்கள் சுருங்க ஆரம்பித்தன. கரையேறினாலும் ஒதுங்க ஈரம் இல்லை, சாக்கே காய்ந்து கிடந்தது.

"வாளியில இருக்கிறத ஊத்துய்யா. யாரு பாக்கப் போறா?" என்றார் போர்மேன்.

"தீ பாக்கும் சார்."

அண்ணன் வாளிகளைத் தொடவில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். மத்தியானச் சோற்றைத் திறக்கவில்லை.

சாயங்காலம் எங்களை வீட்டுக்கு ஏற்றிப் போகும் வேன் ஹாரன் அடித்தது. செல்வி நேரே போய்த் தொட்டியில் தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். "மிச்சத் தண்ணிய எதுக்குச் சொமக்கணும்," என்றாள். பின்னாலேயே நான். எனக்குப் பின்னால் வரிசை. கடைசியில் போர்மேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அண்ணன் சொன்னது ஒன்றுதான். "ஏலே, ஓரமா ஊத்துங்க. புள்ளைக மேல விழுது."

லாரி வருகிற வரை தினமும் ஊற்றினோம். மிச்சத் தண்ணீர் என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆனால் ஒருத்தர் பாட்டிலிலும் ஒரு மடக்குக்கூடக் குறைந்திருக்கவில்லை.