பக்கத்து இருக்கையில் அறுபத்தெட்டு கிலோ

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்திற்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், ஷெட்டில் என் வண்டியும் நலம். அங்கே நீங்களும், அக்காவும், சென்ற செவ்வாய்க்கிழமை முதல் உங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகமாக இருப்பதால் அவளுக்கு இரண்டு போர்வை தேவைப்படும். கேட்க மாட்டாள். நீங்களாகக் கொடுத்துவிடவும்.

இந்தக் கடிதத்தின் நோக்கம், ஒரு கார் வாங்குவது பற்றி உங்கள் ஆலோசனையைப் பெறுவது. வேறொன்றும் இல்லை. வேறொன்று இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அது என் எழுத்தின் குற்றமே தவிர எண்ணத்தின் குற்றமல்ல. நாற்பது வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவர் நீங்கள். எதையும் அளவாகக் கொடுத்துப் பழகியவர். அதனால் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு நியாயம் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஒரு பக்கத்தை இந்நேரம் மூன்று நாளாகக் கேட்டிருப்பீர்கள். இது இன்னொரு பக்கம்.

ஓய்வு பெற்ற கையோடு நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதுல ஏறணும்னா குனியணும், இறங்கணும்னா ஆள் வேணும்" என்று சொன்னீர்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன், மேலும் கீழுமாகவே வாழ்க்கை போயிற்று, இனி கொஞ்சம் நேராகப் போவோம் என்று வாங்கினேன். வசந்தத்திலும் கோடையிலும் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வண்டிக்குப் பின் சக்கரங்களில் மட்டும்தான் இழுவை. முதல் பனி விழுந்த அன்று உங்கள் தங்கையைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போகக் கிளம்பினேன். எங்கள் தெருமுனையில் ஒரு மேடு இருக்கிறதே, நடந்தால் தெரியாது, அந்த மேட்டில் வண்டி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. உங்கள் தங்கை இறங்கித் தள்ளினாள். தபால்காரர் வந்து தள்ளினார். பள்ளிக்கூட வேன் டிரைவர் வேனை நிறுத்திவிட்டு வந்து தள்ளினார். வேனில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடி வழியாக எண்ணிக்கொண்டிருந்தன, ஒன்று, இரண்டு, மூன்று என்று. கடைசியில் வண்டி நகர்ந்தது, பின்பக்கமாக. உங்கள் தங்கை பல் டாக்டரிடம் நடந்தே போனாள். நான் வண்டியை ஷெட்டில் விட்டுக் கம்பளி போர்த்தினேன். அன்றிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை வண்டிக்கு ஓய்வு. "நீங்களும் ரிட்டயர்டு, அதுவும் ரிட்டயர்டா" என்று ஒருமுறை கேட்டாள், அவ்வளவுதான்.

ஆகவே வருஷம் முழுக்க ஓடக்கூடிய, நான்கு சக்கரத்திலும் இழுவை உள்ள, இப்போதிருப்பதைவிடச் சக்தி கூடிய வண்டி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தேன். ஷோரூமுக்குப் போனேன். விற்பனையாளர் நல்ல மனிதர், ஆனால் பேசும்போது சாவியைச் சுழற்றிக்கொண்டே பேசுவார், கேட்பவனுக்குத் தலை சுற்றும். இரண்டு வண்டி காட்டினார். ஒன்று முந்நூற்று இருபது குதிரைச் சக்தி, இன்னொன்று நானூற்று எழுபது. "சின்னதே உங்களுக்குத் தாராளமா போதும் சார். எதுக்கு இவ்ளோ பவர்?" என்று கேட்டார். விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது. நான் அவருக்கு லிஃப்ட் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். லிஃப்டைத் தூக்க ஒரு கயிறு போதும் என்றால், அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்குகிற மாதிரிக் கயிறு போட வேண்டும், அதுதான் விதி. போதும் என்பது போதாது. அவர் சாவி சுழற்றுவதை நிறுத்திவிட்டு, இனிமேல் படிக்கட்டில்தான் போகப்போவதாகச் சொன்னார்.

அவரிடம் சொன்னது கயிற்றுக் கணக்கு. உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், தயவுசெய்து இது மாடி அறை வரை போக வேண்டாம். எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. சண்டை என்று நினைக்காதீர்கள், சண்டை என்றாலாவது பேச்சு இருக்கும். பால் தீர்ந்துவிட்டது, குழாய் சொட்டுகிறது, கதவைச் சாத்துங்கள், இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஷிஃப்ட் பார்த்தாள், நான் ஊர் ஊராகக் கட்டடம் பார்த்தேன், முப்பத்தொரு வருஷம் ஒருவர் வீட்டுக்கு வரும்போது இன்னொருவர் கிளம்பிக்கொண்டிருப்போம். இப்போது இருவரும் வீட்டிலேயே இருக்கிறோம், என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் வண்டியில் ஏறினால் அவள் பேசுகிறாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், முகத்துக்கு முகம் பார்க்காததில் ஒரு சௌகரியம் போலிருக்கிறது. போன ஜூலையில் அணைக்கட்டு ரோட்டில் போகும்போது, சாதாரணமாக, "எனக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரில ஹெட் நர்ஸ் வேலை வந்துச்சு, தெரியுமா" என்றாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். வேறு ஊர். அந்த வாரம்தான் நான் சீனியர் இன்ஸ்பெக்டர் பரீட்சை பாஸ் செய்திருந்தேனாம். ஆர்டரை டிராயரில் போட்டு மூடிவிட்டாளாம். நான் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "கேட்டிருக்கலாமே" என்றாள். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை பேசினோம், வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் பேசினோம்.

அந்த ரோட்டில் ஏற்றம் அதிகம். ஏற்றத்தில் இந்த வண்டிக்கு மூச்சு வாங்கும், கியர் மாற்ற வேண்டும், இன்ஜின் இரைச்சலில் அவள் சொல்வதில் பாதி என் காதில் விழாது. இன்னொரு தடவை சொல் என்றால் சொல்ல மாட்டாள், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பாள். அப்படி எத்தனை "ஒண்ணுமில்ல" போயிற்றோ. நானூற்று எழுபது குதிரை என்றால் ஏற்றத்தில் சத்தமே வராது. கண்ணாடியும் இரட்டைக் கண்ணாடி. பனியிலும் போகலாம், மழையிலும் போகலாம். நவம்பர் வந்தால் என் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது, அதற்குத்தான் இந்த வண்டி. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. குதிரைச் சக்தி, முறுக்கு விசை, டயரின் அகலம் இவற்றை எல்லாம் சொன்னேன். "வயசான காலத்துல வேகம் கேக்குது உங்களுக்கு" என்றாள்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஓட்டிப் பார்க்க வண்டி தயார், வாருங்கள் என்று விற்பனையாளர் கூப்பிட்டார். உங்கள் தங்கையை அழைத்தேன். தன்னோடு வேலை பார்த்த நர்சுகள் ஏழு பேர் மதியம் ஓட்டலில் கூடுகிறார்கள், வர முடியாது என்றாள். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது என்ன சோதனை? காலி லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன் இல்லை நான். என் துறையில் ஓர் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. லிஃப்டுக்குள் போட்டிருக்குமே, ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ என்று, அந்தக் கணக்கு. நடைபாதைப் பனியில் தூவ வாங்கிய மணல் மூட்டை வீட்டில் இருந்தது, ஒன்று பதினேழு கிலோ. சரியாக நான்கு. இறைவனே அளந்து வைத்தது போல இருந்தது. டாக்சியில் ஏற்றி ஷோரூமுக்குக் கொண்டுபோய், புது வண்டியில் கீழே ஒன்று, இருக்கையில் இரண்டு, அதன் மேல் ஒன்று என்று அடுக்கி, பெல்ட் போட்டேன். இருக்கை வெள்ளைத் தோல். மணல் கசிந்தால் விற்பனையாளருக்கு மாரடைப்பு வரும் போலிருந்ததால், கொண்டுவந்திருந்த பழைய கோட்டை மூட்டைகளுக்குச் சுற்றிப் பொத்தானையும் போட்டேன். அது பழைய கோட்டு அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோட்டுகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வண்டி நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பனி உறைந்த மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது, நல்ல லிஃப்ட் மேலே போவது போல, எப்போது கிளம்பியது எப்போது நின்றது என்றே தெரியவில்லை. சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பி, "பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. அதற்கப்புறம் அந்த வண்டியின் சுகம் எனக்குத் தெரியவில்லை. சீக்கிரமே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஷோரூமில் ஒரு வழக்கம். ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களை முன்கண்ணாடி வழியாக ஒரு போட்டோ எடுத்து, படிவத்தில் உள்ள போன் நம்பருக்கு வாழ்த்தோடு அனுப்புவார்கள். எனக்கு என் நம்பர் ஞாபகம் இருப்பதில்லை, எல்லாப் படிவத்திலும் உங்கள் தங்கையின் நம்பரைத்தான் எழுதுவேன், ஒரு கணவனின் நம்பிக்கை என்று அதைச் சொல்லலாம். போட்டோ ஓட்டலுக்குப் போனது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் வண்டி பாக்கப் போயிருக்கார், பாருங்க" என்று போனை அப்படியே பக்கத்தில் கொடுத்திருக்கிறாள். ஏழு பேர் கையும் சுற்றிவிட்டுத்தான் அவளிடம் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லையாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அவளுடைய நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டும் கட்டிக்கொண்டு, தலையில்லாமல் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. கீழே, "உங்கள் இருவரின் பயணமும் இனிதாகட்டும்." கூடவே படிவத்தின் நகல், உடன் பயணி அறுபத்தெட்டு கிலோ, நிலை அசைவற்றது, என்று என் கையெழுத்தில்.

மாலையில் வந்தாள். பெட்டியை எடுத்தாள். அறுபத்தெட்டு என்பது அரசாங்கக் கணக்கு, அதில் உன்னை எதுவும் சொல்லவில்லை, உன் எடை எனக்குத் தெரியாது, முப்பத்தொரு வருஷமாகக் கேட்டதுமில்லை என்று விளக்கினேன். விளக்க விளக்க நிலைமை மோசமாயிற்று. "பக்கத்துல உக்கார ஒரு மூட்டை போதும்னா, மூட்டையோடவே இருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். இதில் என் பிழை எங்கே என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், நடைமுறைப்படி பார்த்தால் பிழை எதுவும் இல்லை. நடைமுறைப்படி என்றுதான் சொன்னேன். (உங்கள் கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.)

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. குழாய் சொட்டுவதைச் சரிசெய்துவிட்டேன், இப்போது அந்தச் சத்தமும் இல்லை. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக விற்பனையாளர் சொல்கிறார். ஆகவே என் கோரிக்கை: நானூற்று எழுபதா, முந்நூற்று இருபதா, அதை நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கையை அழைத்துக்கொண்டு நீங்களே நேரில் வந்து, நடுவில் உட்கார்ந்து, இந்த விவகாரத்தைத் தீர்த்து வையுங்கள். அவள் வரவில்லை என்றால் எனக்கு எந்த வண்டியும் வேண்டாம். அதைச் சொல்லும்போது மட்டும் நீங்களாகச் சொல்வது போலச் சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறையவும், கடையில் கூட்டம் நிறையவும், வீட்டில் பேச்சும் சிரிப்பும் குறையாதிருக்கவும் வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. உறை எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் உங்கள் தங்கை தன் சாவியால் கதவைத் திறந்து வந்து, இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜை அருகே நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது உங்களிடம் கடைத்தெருவுக்கு என்று சொன்னாளாம், தேட வேண்டாம். அணைக்கட்டு ரோடு வந்த பக்கத்தில் நிறுத்தி, அதையே மறுபடி படித்தாள். "இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றாள். "நீ என் முகத்தைப் பாப்பியே" என்றேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டு, பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். "பேசறதுக்குத்தானே வண்டி, அது ஓடணும்னு யார் சொன்னா?" என்றாள். மூடிய ஷெட்டில் இன்ஜின் போடக் கூடாது, போடவில்லை. இரண்டு மணி நேரமாக இங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம், இதை ஸ்டியரிங் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால்தான் கையெழுத்து இப்படி. முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன், அரசாங்கக் கணக்கு எதுவும் சொல்லாமல். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள், இப்போது அந்த டிராயரில் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்திருக்கிறாள். புது வண்டி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன், "அனுப்புங்க, அண்ணனும் படிக்கட்டும்" என்கிறாள். இத்துடன் முடிக்கிறேன், வைப்பரைப் போடச் சொல்கிறாள், ரோட்டில் போவது போலவே இருக்குமாம். ஷெட்டுக்குள் மழை ஏது? போட்டிருக்கிறேன்.