ஊர்: பொருந்தாது

நீதி என்பது மனித குலத்தில் எப்போது தோன்றியது என்று அறிஞர்கள் இன்னும் தமக்குள் அடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள். மன்னாரில் அந்தச் சந்தேகம் கிடையாது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், தீவுக் கிண்ண உதைபந்தாட்டக் குழுவின் அலுவலகக் கந்தோரில் அது தோன்றியது. அதற்கு முந்திய நீதியெல்லாம் வெறும் ஒத்திகை.

யுத்தம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. துப்பாக்கிகள் ஓய்ந்த இடங்களிலெல்லாம் பயிற்சிச் செயலமர்வுகள் வெடித்தன. அப்படி வெடித்த ஒன்றின் பயனாக, ஒரு வெளிநாட்டு நிறுவனம் மத்தியஸ்தர்களை நியமிக்கும் இணையவழி முறைமை ஒன்றைக் குழுவுக்கு அன்பளித்தது. அதன் பெயர் 'நடுநிலை'. கூடவே ஒரு கணினியும் வந்தது. அதைத் தூசி படாமல் மூடிவைத்த பூப்போட்ட துணி மட்டும் செயலாளர் அமிர்தநாயகத்தின் சொந்தப் பங்களிப்பு.

அதற்கு முன் மத்தியஸ்தரை நியமித்த விதத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் கூடி, "விசில் ஆரிட்ட இருக்கு?" என்று கேட்பார்கள். வைத்திருப்பவர் மத்தியஸ்தர். ஆட்டம் முடிந்ததும் தோற்ற ஊரார் அவரைக் கடற்கரை வரை துரத்திக் கலைத்துக்கொண்டு போவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து பிளேன்ரீ குடிப்பார்கள். அவ்வளவு பிற்போக்கு.

முறைமை வந்தபின் மத்தியஸ்தரைத் தேடி அலையும் வேலை ஒழிந்தது. கணினியே ஆளைத் தெரிவுசெய்யும். கணினியே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். அவர் வீட்டிலிருந்தபடியே 'ஏற்கிறேன்' என்று அழுத்துவார். ஒரேயொரு சிறு குறை, மத்தியஸ்தர்கள் எவரிடமும் கணினி இல்லை. ஆகவே செய்தி வந்திருக்கிறது என்ற செய்தியைச் சொல்ல அமிர்தநாயகம் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். கீரி என்ற ஊரில் மைதானத்துக்கு அடுத்த வளவில் குடியிருந்த பெனடிக்ற், கீரியில் விசில் ஊதுவதற்காகச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி நகரத்துக்கு வந்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினார்.

"இப்பத்தான் எங்களுக்கு ஒரு மரியாதை" என்றார் பெனடிக்ற்.

இறுதியாட்டம் கீரிக்கும் தாழ்வுபாட்டுக்கும் என்று முடிவானது. அதைப் பார்க்க நிறுவனத்தின் பிரதிநிதி நேரில் வருவதாக அறிவித்தார். முறைமை நியமித்த மத்தியஸ்தர் மைதானத்தில் நின்றால் திட்டம் தொடரும், அமிர்தநாயகத்தின் பதவியும் தொடரும். நிற்காவிட்டால் கணினியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். துணியை விட்டுவிட்டுப் போவார்கள்.

முறைமையின் விதி கண்டிப்பானது. விளையாடும் ஊர்களோடு மத்தியஸ்தருக்குப் பிறப்பாலோ, மணத்தாலோ, ஞானஸ்நானத்து ஞானப்பெற்றோர் வழியாலோ தொடர்பு இருத்தலாகாது. அயலூரவராகவும் இருத்தலாகாது. கணினியை இயக்கும் லூசியா, இருபது வயதுப் பிள்ளை, ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். பெனடிக்ற் கீரியிலேயே பிறந்தவர், போனார். பேசாலைக்காரர்கள் அயலூர் என்று கூட்டமாகப் போனார்கள். பெருநிலப்பரப்பிலிருந்து வரும் சரவணமுத்து மட்டும் மிஞ்சுவார் போலிருந்தது. ஆனால் அவருடைய தமக்கையின் மகள் தாழ்வுபாட்டுப் பொடியன் ஒருவனை விரும்புகிறாள் என்பது லூசியாவுக்குத் தெரியும். தரவு சரியாக இருக்கவேண்டும் என்று அதையும் தட்டினாள். சரவணமுத்துவின் குடும்பத்துக்கே அன்றைக்குத்தான் விசயம் தெரியவந்தது.

கடைசியில் திரையில் ஒரேயொரு பெயர் பச்சை நிறத்தில் நின்றது. மர்சூக், முதல்தர மத்தியஸ்தர். முகவரி, கற்பிட்டி அகதி முகாம். ஊர்: பொருந்தாது.

"இதென்ன சேர், ஊர் பொருந்தாது எண்டு?" என்றாள் லூசியா.

"எருக்கலம்பிட்டி ஆள். பட்டியலில கழகம் இருக்கிற ஊருகள்தானே இருக்கு. அங்கத்தை முஸ்லிம் ஆக்கள் முழுப்பேரும் தொண்ணூறில வெளிக்கிட்டவை. திரும்பி வந்த கொஞ்சப் பேரை வச்சு ஒரு ரீம் சேர்க்கேலாது."

"ஏன் சேர் வெளிக்கிட்டவை?"

அமிர்தநாயகம், "சூழ்நிலை" என்றார். நிறுவனத்தின் அறிக்கைகளில் அந்தச் சொல் பல இடங்களில் வரும். ஒரு தடவையும் அவரைக் கைவிட்டதில்லை. பிறகு திரையைப் பார்த்துக் கைதட்டினார். "பிள்ளை, இதுதான் சுத்தமான நடுநிலை! ஒரு ஊரோடயும் ஒட்டில்லை!"

முகாமுக்குப் பக்கத்துக் கடைக்குத் தொலைபேசி போயிற்று. மர்சூக் இறுதியாட்டத்துக்கு முதல் நாளே வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது, கறுப்புக் காற்சட்டை மட்டும் மடிப்புக் குலையாமல் பையில் இருந்தது. நேரே எருக்கலம்பிட்டிக்குப் போய், தன் வளவைச் சுற்றிப் பார்த்து, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கந்தோருக்குள் நுழைந்தார்.

"நாயகம் தம்பி! ஒருக்கா உங்களுக்குச் சிவப்பு அட்டை காட்டினனான், ஞாபகமோ?"

"மறப்பனோ, மர்சூக் நானா? இருங்கோ, இருங்கோ. இந்தப் பொத்தானில ஒருக்கா அமத்திவிடுங்கோ, வேலை முடிஞ்சுது."

மர்சூக் கதிரையில் அமர்ந்து கண்ணாடியை மாட்டினார். தன் விபரத்தை ஆறுதலாக வாசித்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஊர் பொருந்தாது எண்டு போட்டிருக்கு. இது ஆர் போட்டது?"

"சிஸ்ரம் போட்டது, நானா."

"நான் இப்ப அங்க இருந்துதானே வாறன், தம்பி. பள்ளி கிடக்கு. என்ர கிணறு கிடக்கு, தண்ணியும் குடிச்சனான். என்ர ஊரைப் போடுங்கோ, நான் அமத்திறன்."

ஊரைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் கொழும்பில் இருந்தது. அமிர்தநாயகம் தொலைபேசியில் மன்றாடினார். கொழும்பில் யாரோ ஒரு பெண், "ஸ்பெலிங் சொல்லுங்க" என்று கேட்டு ஒரு நிமிடத்தில் சேர்த்துவிட்டாள். திரையில் 'எருக்கலம்பிட்டி' என்று வந்தது. மர்சூக் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை எடுக்குமுன்பே பச்சை மறைந்து சிவப்பு வந்தது.

'இவர் நடுநிலையாளர் அல்லர். காரணம்: அயலூர்.'

அமிர்தநாயகம் கிட்ட வந்து குனிந்தார். "நானா, ஒரு உதவி. ஊரை எடுத்துவிடுறன். ஒரு தொண்ணூறு நிமிசம், தொண்ணூறே நிமிசம் ஊர் இல்லாம இருங்கோ. உங்களுக்கு என்ன குறையப்போகுது?"

"பதின்மூண்டு வருசம் இருந்தாச்சு, தம்பி" என்றார் மர்சூக். "இனி ஒரு நிமிசமும் ஏலாது."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்றார். "தொண்ணூறில வெளிக்கிட்ட அண்டைக்கு, என்ர கடையைப் பூட்டிப்போட்டு வரேக்க உங்கட வீட்டுக் கதவைத் தட்டினனான். சொல்லிட்டுப் போவம் எண்டு."

"நான் நித்திரையா இருந்திருப்பன், நானா."

"பட்டப்பகல், தம்பி."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அமிர்தநாயகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கீரி மைதானத்தில் பிரதிநிதி முன்வரிசையில் அமர்ந்திருக்க, விசில் வைத்திருந்த பெனடிக்ற் மத்தியஸ்தரானார். ஆட்டம் முடிந்ததும் தாழ்வுபாட்டார் அவரைக் கடற்கரை வரை கலைத்தார்கள். பிறகு எல்லோரும் பிளேன்ரீ குடித்தார்கள். பார்வையாளர் பக்கத்தில் நின்ற மர்சூக்குக்கும் யாரோ ஒரு கோப்பை கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டுப் பின்னேரப் பஸ்ஸில் முகாமுக்குத் திரும்பினார்.

கணினி போய்விடும் என்று அமிர்தநாயகம் பயந்தது வீண். பிரதிநிதி மகா தாராளமானவர். முறைமையில் பிழையே இல்லை, இந்த மாவட்டத்தில் நடுநிலையாளர்களுக்குத்தான் தட்டுப்பாடு என்று கண்டுபிடித்தார். 'நடுநிலையாளர்களை உருவாக்குதல்' என்று அடுத்த ஆண்டுக்கு ஒரு செயலமர்வே ஒதுக்கினார். அதற்கான திட்டத்தை எழுதும் பொறுப்பு அமிர்தநாயகத்திடம் வந்தது.

"முதல் பகுதி, உருவாக்கும் வழிமுறை" என்று லூசியா வாசித்தாள். விரல்களைப் பொத்தான்களில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அப்பிடி ஒரு ஆளை எப்பிடி சேர் உருவாக்கிறது?"

அமிர்தநாயகம் பூப்போட்ட துணியை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

அவருக்குத் தெரியாமலில்லை. மன்னாரில் வயது வந்த எல்லோருக்கும் தெரிந்த வழிமுறைதான் அது. அதற்குக் கணினி வேண்டாம், கொழும்பு வேண்டாம், ஜெனரேற்றரும் வேண்டாம். ஊரை விட்டுப் போகச் சொல்லும் ஒலிபெருக்கி ஒன்று வேண்டும். பட்டப்பகலில் நித்திரையாக இருக்கும் அயலவர்கள் வேண்டும்.